மேக்னம் ரிவால்வர், ரைஃபிள் வாங்கும்போது பேரல் எத்தனை அங்குலம் எடுக்கலாம்?

கேட்டவர் டெக்சஸில் இருக்கிறார். ஒரு .357 மேக்னம் ரிவால்வரும் ஒரு .300 வின்செஸ்டர் மேக்னம் ரைஃபிளும் வாங்கப் போகிறார். கடையில் ஒரே மாடலை மூன்று நான்கு பேரல் (குண்டு ஓடும் குழல்) நீளத்தில் அடுக்கி வைத்திருக்கிறார்கள், எதை எடுப்பது என்கிறார். இதில் தப்பாக வாங்கிப் பணத்தை விட்டவன் நான், அதனால் சொல்கிறேன். அவசரத்தில் இருப்பவர்களுக்கு: ரிவால்வரில் 4 அங்குலம், அதை வைத்தே மான் அடிப்பேன் என்றால் 6. ரைஃபிளில் 24-க்குக் கீழே இறங்க வேண்டாம், சைலன்சர் மாட்டுவதாக இருந்தால் மட்டும் 22.

மேக்னம் என்றதும் பெரிய குண்டு என்று நினைக்கிறோம். குண்டு அதேதான், பின்னால் இருக்கும் வெடிமருந்துதான் அதிகம். .38 ஸ்பெஷல் என்கிற பழைய தோட்டாவுக்கும் .357 மேக்னத்துக்கும் குண்டின் விட்டம் ஒன்றே. 1935-ல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் இதைக் கொண்டுவந்தபோது, பழைய .38 துப்பாக்கிக்குள் தெரியாமல் யாரும் போட்டுவிடக் கூடாது என்று தோட்டாக் கூட்டை எட்டில் ஒரு அங்குலம் நீட்டிவிட்டார்கள், அவ்வளவுதான் வெளியில் தெரிகிற வித்தியாசம். ஆனால் கனமான குண்டுக்குப் போடுகிற மருந்து மெதுவாக எரிகிற வகை. குண்டு பேரலுக்குள் ஓடுகிற அந்தச் சில அங்குலத்தில்தான் அந்த மருந்து தள்ள முடியும். பேரல் முடிந்த பிறகு மிச்சமிருக்கும் அழுத்தமெல்லாம் குண்டுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லாமல் நெருப்பாகவும் சத்தமாகவும் வெளியே போகும்.

இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நான் முதலில் வாங்கியது இரண்டரை அங்குல .357. கையில் எடுத்தால் அடக்கமாக இருந்தது, கடைக்காரரும் இடுப்பில் வைத்தால் தெரியவே தெரியாது என்றார். முதல் சனிக்கிழமை இருட்டுகிற நேரத்தில் சுட்டுப் பழகும் ரேஞ்சுக்கு எடுத்துப் போய் ஒரு குண்டு சுட்டேன். முன்னால் ஒரு பூசணிக்காய் அளவுக்கு ஆரஞ்சு நிறத்தில் நெருப்பு, பக்கத்துத் தடுப்பில் இருந்தவர் எட்டிப் பார்த்தார், எனக்கு இலக்கு எங்கே என்றே இரண்டு விநாடி தெரியவில்லை. ஐந்தாவது குண்டுக்குள் கட்டைவிரல் அடியில் தோல் சிவந்துவிட்டது. அதற்கப்புறம் அதில் .38 மட்டும்தான் போட்டேன், அதாவது மேக்னத்துக்குக் காசு கொடுத்துவிட்டு முப்பத்தெட்டைச் சுட்டுக்கொண்டிருந்தேன்.

கணக்கைப் பாருங்கள். வழக்கமான 158 கிரெய்ன் (குண்டையும் மருந்தையும் நிறுக்கும் சின்ன எடை அலகு) குண்டு 4 அங்குல பேரலில் விநாடிக்குச் சுமார் 1240 அடி வேகத்தில் போகும். இரண்டரை அங்குலத்தில் நூறு அடிக்கு மேல் குறையும், 6-ல் ஐம்பது எண்பது அடி கூடும். 1935-ல் கம்பெனி விளம்பரப்படுத்திய 1500 சொச்சம் என்பது எட்டேமுக்கால் அங்குல பேரலில் வந்தது, அதை நம்பி 4 அங்குலத்தை வாங்கி வேகமானியில் வைத்துப் பார்த்து ஏமாந்தவர்கள் நிறையப் பேர். இன்னொன்று, ரிவால்வரில் சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி ஒன்று இருக்கிறது, அதன் வழியாகவும் வாயு கசியும். அந்த இடைவெளி ஒவ்வொரு துப்பாக்கிக்கும் கொஞ்சம் மாறும், அதனால் சில சமயம் ஒருவருடைய 4 அங்குலம் இன்னொருவருடைய 6 அங்குலத்தை வேகத்தில் நெருங்கிவிடும். ஐம்பது அடி வேகத்துக்காக 6 வாங்காதீர்கள்.

அப்புறம் எதற்கு 6? குறிபார்க்க. குறிபார்க்கத் துப்பாக்கி மேல் இருக்கும் பின் சைட்டுக்கும் முன் சைட்டுக்கும் தூரம் கூடக் கூட, சின்னக் கைநடுக்கமும் கண்ணுக்குத் தெரிந்துவிடும், திருத்திக்கொள்ளலாம். முன்பாரம் இருப்பதால் துள்ளலும் குறையும். ஒஹாயோ போன்ற மாநிலங்களில் மான் வேட்டைக்குக் கைத்துப்பாக்கி என்றால் பேரல் குறைந்தது 5 அங்குலம் இருக்க வேண்டும் என்று விதியே உண்டு, 4 வாங்கிவிட்டு அங்கே போனால் வெறும் கையோடு நிற்க வேண்டியதுதான். ரெட் டாட் (சிவப்புப் புள்ளியால் குறி காட்டும் கண்ணாடி) மாட்டப் போகிறீர்கள் என்றால் சைட் தூரம் என்கிற காரணம் அடிபட்டுப் போகிறது, அப்போது 4 போதும். 6 அங்குலத்தை இடுப்பு உறையில் போட்டுக்கொண்டு பிக்கப்பில் ஏறி உட்கார்ந்து பாருங்கள், முனை சீட்டில் குத்தி, பிடி விலாவில் ஏறும். நண்பர் ஒருவர் .44 மேக்னத்தில் ஏழரை அங்குலம் வைத்திருக்கிறார். முட்டுக்கொடுத்துச் சுட்டால் அருமை, நின்றுகொண்டு கையை நீட்டிப் பிடித்தால் முப்பது விநாடியில் தோள் கெஞ்சும்.

இதே .357-ஐ லீவர் ஆக்‌ஷன் ரைஃபிளில் (பிடிக்குக் கீழே இருக்கும் லீவரை இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றும் வகை) போட்டால் கதையே வேறு. 16 முதல் 18 அங்குலத்தில் அதே 158 கிரெய்ன் 1700-1800 அடிக்கு ஏறுகிறது. ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் கூடும் என்பதால் 4 அங்குல ரிவால்வரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதற்கு மேல் 20, 24 என்று போனால் பெரிய லாபம் இல்லை, பதினாறு கிரெய்ன் மருந்து அதற்குள் தன் வேலையை முடித்துவிடும். பண்ணையில் காட்டுப்பன்றிதான் பிரச்சினை என்றால் உங்கள் ரிவால்வருக்கு ஜோடியாக இதைத்தான் வாங்கச் சொல்வேன்.

.300 வின் மேக் அப்படி இல்லை. அதில் 70 கிரெய்னுக்கு மேல் மருந்து, .30-06 என்கிற மேக்னம் அல்லாத ரைஃபிள் தோட்டாவில் 55 சொச்சம். இரண்டிலும் 180 கிரெய்ன் குண்டு, 24 அங்குல பேரல் என்று வைத்தால் முன்னது 2960 அடி, பின்னது 2700. இந்த 260 அடிக்காகத்தான் அதிக விலைத் தோட்டா, அதிக உதை எல்லாம். பேரலில் ஓர் அங்குலம் குறைத்தால் தோராயமாக 25 அடி போகும், அப்படியானால் கையடக்கமாக இருக்கட்டும் என்று 20 அங்குலம் வாங்குகிறவர் அந்த 260-ல் நூறைக் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறார், காதைப் பிளக்கும் சத்தம் மட்டும் கூடுதலாகக் கிடைக்கும். குட்டையாகத்தான் வேண்டும் என்றால் மேக்னம் அல்லாத .308 ரைஃபிள் வாங்குங்கள், 20 அங்குலத்தில் அது சமர்த்தாக இருக்கும்.

26 எடுத்தால் இன்னும் ஐம்பது அடி வரும். திறந்த வெளியில் நெடுந்தூரம் சுடுகிறவருக்குச் சரி. நம் டெக்சஸ் ஹில் கன்ட்ரியில் மரக்கூண்டுக்குள் உட்கார்ந்துதான் மானுக்குக் காத்திருப்பது, சின்ன ஜன்னல், 26 அங்குலத்தைச் சத்தமில்லாமல் ஒரு ஜன்னலிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்புவதற்குள் மான் வேலி தாண்டிவிடும். ஒன்றை மறக்காதீர்கள், முனை ஜன்னலுக்கு வெளியே இருக்க வேண்டும். உள்ளே வைத்துச் சுட்டால் அந்த வெடிச்சத்தம் பலகைச் சுவரில் மோதி உங்கள் காதுக்கே திரும்பும். சைலன்சர் ஏழெட்டு அங்குலம் கூட்டுவதால்தான் அதற்கு மட்டும் 22 என்றேன். நீளமான பேரல் என்றால் குறி தப்பாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், ஸ்கோப் வைத்த ரைஃபிளில் பேரலின் தரமும் தடிமனும்தான் பேசும்.

சட்டம் ஒரு வரி: ரைஃபிள் பேரல் 16 அங்குலத்துக்குக் குறைந்தால் 1934-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தனியாகப் பதிய வேண்டும், முன்கூட்டியே அனுமதி வாங்காமல் நீங்களாக அறுத்துக் குறைத்தால் குற்றம். எச்1பி விசாவில் இருப்பவர்கள் பொதுவாகத் துப்பாக்கி வாங்கவே முடியாது, செல்லுபடியாகும் மாநில வேட்டை உரிமம் இருந்தால் அதற்கு விலக்கு உண்டு.

வாங்கும் முன் வாடகைக்குத் தரும் ரேஞ்சில் 4-ஐயும் 6-ஐயும் ஒரே பெட்டித் தோட்டாவில் மாற்றி மாற்றிச் சுட்டுப் பாருங்கள், காதுக்குள் நுரை அடைப்பானும் (வெறும் பஞ்சு அல்ல) மேலே காதை மூடும் மஃப்பும் இரண்டுமே போட்டுக்கொண்டு. என்னுடைய இரண்டரை அங்குலத்தை ஒரு வருஷம் கழித்து 180 டாலர் நஷ்டத்தில் விற்றேன். வாங்கியவரை அப்புறம் ரேஞ்சில் பார்த்தேன், .38 போட்டுச் சுட்டுக்கொண்டிருந்தார்.