ஒற்றை முன்பல் கேப் (பல் உறை) தனியாகத் தெரியாமல் இருக்க

கேள்வி: எனக்கு 29 வயது, ஊர் தருமபுரி. ஆறு வருடம் முன்பு வண்டியிலிருந்து விழுந்து மேல் முன்பல் ஒன்று பாதி உடைந்தது. ரூட் கெனால் செய்து உலோகத்தின் மேல் செராமிக் பூசிய கேப் போட்டார்கள். அது மட்டும் சுண்ணாம்பு அடித்ததுபோல் இருக்கிறது. ஈறு ஓரத்தில் கறுப்புக் கோடு வேறு. ஒரு கிளினிக்கில் பக்கத்துப் பற்களுக்கும் சேர்த்து வெனீர் (பல்லின் முன்பக்கம் ஒட்டும் மெல்லிய தகடு) போடச் சொல்கிறார்கள். இன்னொரு டாக்டர் பல்லை எடுத்துவிட்டு இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் பொருத்தும் செயற்கைப் பல்) வைக்கலாம் என்கிறார். எது இயற்கையாகத் தெரியும்?

பதில்: உங்கள் பல்லின் வேர் உறுதியாக இருந்தால் அதை எடுக்கவே வேண்டாம். முன்பல்லை எடுத்தால் அதன் முன்பக்க எலும்பு கரையும், ஈறும் மேலே ஏறிவிடும். அப்புறம் எவ்வளவு நல்ல இம்ப்ளான்ட் வைத்தாலும் பல் நீளமாகத் தெரிய வாய்ப்பு உண்டு. வெனீருக்காகப் பக்கத்துப் பற்களின் எனாமலைச் சீவினால் அது திரும்ப வளராது. ஒரு பல்லின் குறைக்காக நல்ல பற்களில் கை வைக்க எனக்கு மனம் வராது. உங்களுக்குத் தேவை கேப்பை மாற்றுவது மட்டும்தான்.

இப்போதைய கேப் ஏன் உயிரில்லாமல் இருக்கிறது? உலோகம் தெரியாமலிருக்க அதன் மேல் ஒளி ஊடுருவாத ஒரு பூச்சு போடுவார்கள். இயற்கைப் பல்லில் வெளிச்சம் உள்ளே போய்ச் சிதறும். இதில் மேலோடு திரும்பிவிடும். ஈறு கொஞ்சம் ஏறியதும் உலோக விளிம்பு கோடாகத் தெரிகிறது. இதற்குப் பதில் ஜிர்கோனியா (உலோகமில்லாத, உறுதியான வெள்ளைப் பொருள்) உள்கூட்டின் மேல் செராமிக்கை அடுக்கடுக்காக வைத்துச் செய்த கேப் பொருந்தும். உங்கள் பல் உள்ளே கறுத்திருந்தால் மிகக் கண்ணாடித்தன்மையுள்ள செராமிக் வேண்டாம், கறுப்பு வெளியே எட்டிப்பார்க்கும். வேரே கறுத்திருந்தால் ஈறு வழியாக லேசான நிழல் புதுக் கேப்புக்குப் பிறகும் மிஞ்சலாம். இதை முதலிலேயே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி நிறம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருவதற்கு முன் உங்கள் பக்கத்தில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த பலருக்கும் ஃபுளோரைடு கறை உண்டு. அதை ஓரளவு குறைக்க பிளீச்சிங், மேல்பரப்பை மெல்லத் தேய்த்தெடுப்பது போன்ற வழிகள் இருக்கின்றன. செய்வதாக இருந்தால் கேப்புக்கு முன்பே செய்துவிட்டு, நிறம் நிலைக்க இரண்டு வாரம் காத்திருங்கள். செராமிக்கைப் பிறகு வெளுக்க முடியாது.

மீதிக் கறை இருக்கட்டும், கேப்பிலும் அது வரவேண்டும். "வெள்ளையாப் போடுங்க" என்று சொல்லாதீர்கள். பக்கத்து முன்பல்லைக் கண்ணாடியில் நெருங்கிப் பாருங்கள்: ஈறருகே மஞ்சள் கூடுதல், நடுவில் வெள்ளைத் திட்டு, நுனியில் நீலம் கலந்த சாம்பல். கேப் செய்யும் லேபில் இருப்பவர் இவற்றைத் தூரிகையால் தீட்டுவார், ஆனால் அவர் உங்களைப் பார்த்ததில்லை. அதனால் ஷேட் (பல்லின் நிறச்சாயல்) பார்க்கும்போது பல்லுக்குப் பக்கத்தில் ஷேட் துண்டை, அதாவது நிற மாதிரியைப் பிடித்துப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முடிந்தால் நீங்களே லேபுக்குப் போய் வாருங்கள். லிப்ஸ்டிக் இல்லாமல், பகல் வெளிச்சத்தில், வேலை தொடங்கும் முன்பே ஷேட் பார்க்க வேண்டும். வாயைத் திறந்தே வைத்திருந்தால் சில நிமிடங்களில் பல் உலர்ந்து வெளிறிவிடும். அப்போது எடுத்த ஷேட்டில் செய்த கேப், மறுபடி சுண்ணாம்பாகத்தான் வரும்.

பழைய கேப்பை எடுத்ததும் தற்காலிகக் கேப்போடு சில வாரம் இருங்கள், ஈறு அடங்கட்டும். புதியது வந்ததும், ஒட்டுவதற்கு முன், வாயில் பொருத்திக்கொண்டு வாசலுக்குப் போய் வெயிலில் சிரித்துப் பாருங்கள். கூட ஒருவரை அழைத்துப் போங்கள். அவர் கண்ணுக்கு எந்தப் பல் என்று சட்டெனத் தெரிந்தால், தயங்காமல் லேபுக்குத் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். ஒட்டிய பிறகு அதை உடைத்துத்தான் எடுக்க முடியும்.