டேப்சைஸ் 15 டிபி, பேக்கப் பாதியில் நிற்கிறது: பதில்

எல்டிஓ-7 காந்த நாடா கார்ட்ரிட்ஜ் அட்டையில் இருக்கும் 15 டிபியை (டெராபைட்) நம்பி, இன்ஃபார்மிக்ஸ் டேட்டாபேஸுக்கு நாடாவின் கொள்ளளவைச் சொல்லும் டேப்சைஸ் அமைப்பில் அதையே கொடுத்திருக்கிறீர்கள். 6 டிபி தாண்டியதும் பேக்கப் எடுக்கும் ஆன்டேப் நிரல் எழுத முடியாமல் விழுகிறது. டிரைவ் மேல் குற்றமில்லை.

அந்த நாடா உண்மையில் கொள்வது 6 டிபிதான். 15 என்பது தரவு 2.5:1 சுருங்கும் என்ற கணக்கு. உங்கள் டேட்டாபேஸில் பெரும்பாலும் ஜேபெக் படங்கள் என்கிறீர்கள். அவை ஏற்கெனவே சுருங்கியவை, டிரைவ் மேலும் பிழிய அதில் ஒன்றுமில்லை.

இன்ஃபார்மிக்ஸின் அமைப்புகள் இருக்கும் ஆன்கான்ஃபிக் கோப்பில் டேப்சைஸை 0 ஆக்கிப் பாருங்கள். நாடா முடியும்வரை எழுதிவிட்டு அடுத்ததைக் கேட்கும். எண்தான் வேண்டுமென்றால், அது கிலோபைட்டில் இருக்க வேண்டும்: 6 டிபிக்கு 5859375000. நானாக இருந்தால் கொஞ்சம் குறைத்து 5600000000 போடுவேன். சைபர்களை எண்ணிப் போடுங்கள். நான் ஒருமுறை ஒன்றை விட்டுவிட்டேன். அரை மணிக்கொரு தரம் நாடா மாற்றச் சொல்லி ராத்திரி முழுக்கத் தூங்கவிடவில்லை.

லாக் (டேட்டாபேஸ் மாற்றங்களின் பதிவு) பேக்கப்புக்கு எல்டேப்சைஸ் என்று தனியாக இருக்கிறது, அதையும் பார்த்துவிடுங்கள். மாற்றியதும் லெவல் 0 (முழு பேக்கப்) ஒன்று எடுங்கள். இரண்டாம் நாடா கேட்கும் நேரத்தில் யாராவது பக்கத்தில் இருக்கட்டும்.