வீட்டில் கட்டும் விமானத்துக்கு அலுமினிய டேங்க்: எந்தத் தகடு, எந்த ஒட்டு?

கேள்வி: இரண்டு பேர் அமரும் சிறு விமானம் ஒன்றைச் சொந்தமாகக் கட்டி வருகிறேன். இறக்கைக்கு வாங்கிய 2024-டி3 தகடு (2024 என்பது அலாயின், அதாவது அலுமினியக் கலவையின் எண், டி3 அதன் கடினப் பதம்) நிறைய மிச்சம் இருக்கிறது. அதிலேயே பெட்ரோல் டேங்க் செய்து டிக் வெல்டிங் (மின்பொறியில் உருக்கி ஒட்டுவது) போட்டுவிடலாமா, இல்லை புதுத் தகடு வாங்கத்தான் வேண்டுமா? கடையில் 6061-ஐ எடுக்கச் சொல்கிறார்கள், 5052-ஐ விட உறுதியாம்.

பதில்: வெல்டிங்தான் என்று முடிவெடுத்திருந்தால் புதுத் தகடு வாங்குங்கள், இந்த இடத்தில் மட்டும் சிக்கனம் வேண்டாம். 2024-இல் செம்பு சுமார் 4 சதவீதம் இருக்கிறது. வெல்டு ஆறும்போதே அது உள்ளே விரிசல் விடும். வெளியே பார்த்தால் வெல்டுத் தையல் அழகாகத்தான் இருக்கும், அப்புறம் இன்ஜின் அதிர்வில் அந்த விரிசல் நீளும்.

ஆனால் அந்த மிச்சத் தகடு வீண் இல்லை. அதையே மடித்து, ரிவெட் அடித்து, இடையில் சீலன்ட் (கசிவை அடைக்கும் பசை) பூசினால் நல்ல டேங்க் கிடைக்கும். சொந்தமாகக் கட்டிக்கொள்ளும் விமானங்களுக்குப் பேர்போன வேன்ஸ் நிறுவனத்தின் ஆர்.வி. வகை விமானங்களின் இறக்கை டேங்குகள் அப்படிச் செய்தவைதான், உலகம் முழுக்க ஆயிரக்கணக்கில் பறக்கின்றன. எப்படி இணைக்கப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், தகடு வாங்குவது அதற்கு அப்புறம். பலர் தகட்டை வாங்கி வைத்துக்கொண்டு அதற்குத் தகுந்த ஒட்டைத் தேடுகிறார்கள், பணம் வீணாவது அங்கேதான்.

கடைக்காரர் 6061-டி6 உறுதியானது என்று சொன்னது உண்மை, வெல்டு போடும் வரை. அதன் இழுவிசை வலிமை சுமார் 310 மெகாபாஸ்கல், 5052-எச்32-க்கு சுமார் 230. வெல்டிங் சூடு பட்டதும் 6061-இல் தையலை ஒட்டிய பகுதி தன் வலிமையில் ஏறக்குறைய பாதியை இழந்துவிடுகிறது, அதைத் திரும்பப் பெற வேண்டுமானால் முழு டேங்கையும் உலையில் வைத்து வெப்பப் பதம் செய்ய வேண்டும், மெல்லிய தகட்டுப் பெட்டி அந்தச் சூட்டில் கோணிக்கொள்ளும். 5052 சூட்டில் அவ்வளவு இறங்குவதில்லை, பதம் போன நிலையிலும் 190-க்குப் பக்கத்தில் நிற்கும். ஆக, எந்த இடத்தில் உறுதி வேண்டுமென்று கூடுதல் பணம் கொடுக்கிறீர்களோ அதே இடத்தில் 6061-இன் அனுகூலம் காணாமல் போகிறது. மடிப்பதிலும் 5052 சொன்னபடி கேட்கும், 6061-டி6-ஐ இறுக்கமாக மடித்தால் மடிப்பிலேயே வெடிக்கும். என் தேர்வு 5052-எச்32, ஏறக்குறைய 1.25 மி.மீ. தடிமன், வெல்டில் உருகிச் சேரும் ஃபில்லர் கம்பி 5356. அதைவிட மெல்லியதில் ஓட்டை விழாமல் வெல்டு போட மிகத் தேர்ந்த கை வேண்டும். தகடு வாங்கும்போது அலாய் எண்ணும் பதமும் தகட்டின் மேலேயே அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். எண் இல்லாத துண்டு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் டேங்குக்கு வேண்டாம்.

கேள்வி: சாதாரண காஸ் டார்ச்சிலேயே உருகி அலுமினியத்தை ஒட்டும் குச்சிகள் விற்கிறார்கள். வெல்டரிடம் போகும் செலவு மிச்சமாகுமே?

பதில்: டேங்குக்கு வாங்காதீர்கள். இவை பெரும்பாலும் துத்தநாகம் கலந்த குச்சிகள், 400 டிகிரி செல்சியஸ் சுற்றுவட்டத்தில் உருகுபவை. அலுமினியம் உருகுவது 660-இல். ஆனால் அதன் மேலே படியும் ஆக்சைடு படலம் 2000 டிகிரி தாண்டித்தான் உருகும், அதனால் டார்ச் சூடு அதை ஒன்றும் செய்யாது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டே படலத்தைக் கிழித்துத்தான் உலோகத்தைப் பிடிக்க வைக்கிறார்கள். ஒரு விரல் நீளத் துண்டில் அது பிடிக்கலாம், மூன்று நான்கு மீட்டர் தையல் முழுக்க ஒரே மாதிரி பிடித்திருக்கிறதா என்று வெளியிலிருந்து சொல்ல வழியே இல்லை. போதாததற்கு துத்தநாகமும் அலுமினியமும் வேறு வேறு உலோகம், டேங்க் அடியில் தேங்கும் தண்ணீர் அந்த ஒட்டை மெல்ல அரிக்கும். உங்கள் மடிக்குப் பக்கத்தில் பெட்ரோல் வைத்திருக்கப் போகும் பெட்டி இது, அதனால்தான் இவ்வளவு கடுமையாகச் சொல்கிறேன்.

கேள்வி: சீலன்ட் காலாவதித் தேதி முடிந்தது பாதி விலைக்கு வருகிறது. வாங்கலாமா? பி-2 என்றும் பி-1/2 என்றும் போட்டிருக்கிறதே, அது என்ன?

பதில்: பழையது வேண்டாம். டேங்குக்குப் போடும் பாலிசல்ஃபைடு (ரப்பர் போல இறுகும்) சீலன்ட் பழசானால் சரியாக இறுகாமல் பிசுபிசுப்பாகவே நின்றுவிடலாம், ரிவெட் எல்லாம் அடித்து முடித்த பிறகு அது தெரிந்தால் டேங்கையே பிரிக்க வேண்டும். விமான டேங்க் சீலன்டுக்கான ஏ.எம்.எஸ்.-எஸ்-8802 தரம் குறிப்பிட்ட டப்பாவாக, தேதியில் நிறைய மாதம் பாக்கி உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள்.

எழுத்து கெட்டித்தன்மையைச் சொல்கிறது: ஏ என்றால் பிரஷ்ஷில் பூசுவது, பி என்றால் கெட்டியாகப் பிதுக்குவது. எண், கலந்த பிறகு எத்தனை மணி நேரம் வேலை செய்யலாம் என்பது, 25 டிகிரிச் சூட்டில். அரை மணி நேரம் என்பது முதல் டேங்குக்குப் போதாது, பி-2 எடுங்கள். கலவை பெரும்பாலும் எடையில் 10-க்கு 1, டப்பாவில் போட்டிருப்பதைப் பார்த்து, கண் மதிப்பில் இல்லாமல் தராசில் போட்டே கலக்குங்கள். ஒட்டும் இடத்தைச் சொரசொரப்பாக்கி, கரைப்பானால் துடைத்து, அது உலரும் முன் சுத்தமான துணியால் ஒற்றி எடுத்துவிட்டுப் பூச வேண்டும். டேங்குக்குள் ஊற்றிச் சுழற்றும் ஸ்லாஷிங் திரவத்தையும் கூடவே வாங்கச் சொல்வார்கள், மறுத்துவிடுங்கள். ஆல்கஹால் கலந்த பெட்ரோலில் அந்த மாதிரிப் பூச்சுகள் உரிந்து ஃபில்டரை அடைத்த கதைகள் நிறைய இருக்கின்றன.

கேள்வி: வெளியே கொடுத்து வெல்டு போட்டு வாங்கினேன். கசியவில்லை என்று எப்படி உறுதி செய்வது? கம்ப்ரஸர் காற்று அடிக்கலாமா?

பதில்: கம்ப்ரஸரை நேராக மாட்டவே கூடாது. 1 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு அழுத்தம்) என்பது கேட்கச் சின்ன எண், ஆனால் 50 செ.மீ.க்கு 50 செ.மீ. பக்கம் ஒன்றின் மேல் அது 175 கிலோ பளு. பக்கங்கள் உப்பிவிடும், நல்ல வெல்டும் கிழியும். வென்ட் குழாயில் (டேங்குக்குள் காற்று போய்வரும் குழாய்) ஒளி ஊடுருவும் டியூபை மாட்டி, அதை யூ வடிவில் வளைத்துத் தண்ணீர் ஊற்றி, இரு பக்க மட்டத்துக்கும் 70 செ.மீ. வித்தியாசம் வரும்வரை மெதுவாகக் காற்று கொடுங்கள், அதுதான் 1 பி.எஸ்.ஐ. அளவு மீறினால் தண்ணீர் வெளியே கொட்டிக் காற்றை விட்டுவிடும், டேங்க் தப்பிக்கும். பிறகு எல்லாத் தையலிலும் பொருத்துகளிலும் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி பாருங்கள். மட்டம் இறங்குவதை மட்டும் நம்ப வேண்டாம், அறையின் சூடு மாறினாலே அது ஏறி இறங்கும்.

இந்தச் சோதனையை வெல்டர் எதிரில் செய்து, அதற்கப்புறம் பணம் கொடுங்கள். மூலைகள், அடுத்து உள்ளே தடுப்புத் தகடு சேரும் இடங்கள், கசிவு வருவது பெரும்பாலும் அங்கேதான்.

கேள்வி: பழைய வெல்டு டேங்க் ஒன்று மலிவாக வருகிறது, ஒரே ஓர் ஊசிமுனைக் கசிவு. அந்த இடத்தில் மட்டும் வெல்டு வைத்தால் சரியாகிவிடுமா?

பதில்: விட்டுவிடுங்கள். பெட்ரோல் இருந்த டேங்க் காலியாகத் தெரிந்தாலும் ஆவி உள்ளே நிற்கும், வெல்டிங் பொறியில் வெடிக்கும். அதை முறையாகக் கழுவி ஆவி போக்குவது அனுபவசாலிகள் செய்யும் வேலை, அந்தச் செலவையும் விலையோடு கூட்டினால் மலிவு எங்கே? அதோடு, பழைய வெல்டில் ஊசித்துளை விழுந்திருந்தால் பக்கத்திலேயே விரிசலோ அரிப்போ இருக்க வாய்ப்பு அதிகம், அது எந்த அலாய் என்பதும் விற்பவருக்கே தெரியாது.