தண்ணீரைக் குறைத்தால் மூளை நீர் வற்றுமா?

கேள்வி: என் கணவருக்கு 52 வயது. மோட்டார் போடத் தோட்டத்துக்குப் போனவர் தலையைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டார். மூளையில் ரத்தக்குழாய் புடைத்து வெடித்திருக்கிறது என்று ஆபரேஷன் செய்து கிளிப் போட்டார்கள். நீர் வடிய வைத்த குழாயை இரண்டு முறை மூடிப் பார்த்தார்கள். இரண்டு முறையும் பேசிக்கொண்டிருந்தவர் மயங்கிவிட்டார். இப்போது 'ஷண்ட்' வைக்க வேண்டும் என்கிறார்கள். தண்ணீரைக் குறைத்துக் கொடுத்தால் போதாதா என்கிறார் மாமியார். ஆயுள் முழுக்கக் குழாயோடு வாழ முடியுமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: சகோதரி, முதல் வேலையாக மாமியாரிடம் சொல்லுங்கள்: தண்ணீரைக் குறைக்கவே கூடாது. இவ்வகை ரத்தக்கசிவுக்குப் பின் முதல் இரண்டு, மூன்று வாரங்களில் மூளையின் ரத்தக்குழாய்கள் இறுகிச் சுருங்கக்கூடும். அப்போது உடலில் நீர் குறைந்தால் பக்கவாதம் வரலாம். எவ்வளவு கொடுப்பது என்பதை டாக்டர்கள் முடிவு செய்யட்டும்.

மூளையைச் சுற்றியும் அதன் உள்ளறைகளிலும் இருக்கும் மூளை நீர் ஒரு நாளைக்கு ஏறத்தாழ அரை லிட்டர் சுரக்கிறது. ஒரு நேரத்தில் உள்ளே இருப்பதோ 150 மில்லி அளவுதான். மீதியெல்லாம் ரத்தத்தில் கலந்து வடிந்துவிடும். கசிந்த ரத்தம் அந்த வடிகாலை அடைத்துவிட்டது. ஊற்று பெருகவில்லை, மடை தூர்ந்திருக்கிறது. சிலருக்கு அது தானே திறந்துகொள்ளும். அதை அறியத்தான் குழாயை மூடிப் பார்த்தார்கள். வெளிக்குழாயை நெடுநாள் விட்டுவைத்தால் கிருமி ஏறும். அதனால் உங்கள் டாக்டர்கள் சொல்வது எனக்குச் சரியாகவே படுகிறது.

வெளிக்குழாய் இருக்கும்வரை ஒன்றைக் கவனியுங்கள். நீர் வடிந்து சேரும் பையின் உயரத்தை நோயாளியின் காது மட்டத்தை வைத்துத்தான் அமைப்பார்கள். நர்ஸைக் கேட்காமல் கட்டிலை உயர்த்தாதீர்கள், தாழ்த்தாதீர்கள். பாசத்தோடு தலைமாட்டைத் தூக்கிவிட்டு, நீர் மளமளவென்று வடிந்து நோயாளி தவித்ததைக் கண்டிருக்கிறேன்.

ஷண்ட் என்பது மூளையின் உள்ளறையிலிருந்து தோலுக்கடியில் காதின் பின்புறம், கழுத்து, மார்பு வழியாக வயிற்றுக்குள் இறங்கும் மெல்லிய குழாய். நீர் அங்கே உறிஞ்சப்பட்டுவிடும். நீர் எவ்வளவு வடியலாம் என்பதைக் கட்டுப்படுத்த நடுவில் ஒரு வால்வு உண்டு. 1950-களில் அமெரிக்காவில் ஜான் ஹோல்டர் என்ற இயந்திரத் தொழிலாளி, மூளையில் நீர் தேங்கும் நோய் கண்ட தன் மகனுக்காக அப்படியொரு வால்வைச் செய்தார். ஒரு தகப்பனின் தவிப்பில் பிறந்த பொருள் இது என்பதை நான் ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வேன். இதோடு வேலைக்குப் போகிறவர்கள், பேரப்பிள்ளையைத் தூக்கி நடக்கிறவர்கள் ஏராளம்.

ஆனாலும் குழாய் அடைக்கலாம், கிருமி தொற்றலாம். சிலருக்கு மறுபடி ஆபரேஷன் தேவைப்படும். தலைவலி, வாந்தி, காய்ச்சல், தடுமாறும் நடை, தெரியாமல் சிறுநீர் போவது, எல்லாவற்றுக்கும் மேலாக வழக்கத்தை மீறிய தூக்கம்: இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஷண்ட் வைத்திருந்த டீக்கடைக்காரர் ஒருவரின் மனைவி என்னிடம், "இரண்டு நாளாக இவர் பேப்பர் கேட்கவில்லை, டாக்டர்" என்றார். எங்கள் பரிசோதனையில் எதுவும் தென்படவில்லை. ஸ்கேனில் பார்த்தால் நீர் தேங்கி மூளையின் அறைகள் விரிந்திருந்தன. உங்கள் கணவர் தினமும் கேட்பது எதுவோ, அதைக் கவனித்துக்கொண்டே இருங்கள்.

வால்வின் பெயரையும் அழுத்த அளவையும் எழுதி வாங்கி அவர் பணப்பையில் வையுங்கள். சில வால்வுகளின் அளவைக் காந்தம் மாற்றிவிடும், காந்தத்தால் இயங்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கும் முன் அந்தச் சீட்டைக் காட்டுங்கள்.