டின் டாய் குழந்தையைப் பார்த்தால் ஏன் பயமாக இருக்கிறது? – கேள்வி பதில்

1988இல் பிக்சார் எடுத்த ஐந்து நிமிடக் குறும்படம் டின் டாய். அதைப் பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். படம் பார்க்காதவர்களுக்குக் கதைச் சுருக்கம்: டின்னி ஒரு தகரப் பொம்மை. முதுகில் டிரம், கையில் அக்கார்டியன், நடந்தாலே வாத்தியங்கள் ஒலிக்கும். பில்லி என்ற கைக்குழந்தை வந்ததும் டின்னி அவனை ஆசையாகப் பார்க்கிறது. அவன் பொம்மைகளை வாயில் போட்டுச் சப்பி, ஆட்டி, வீசுவதைக் கண்டதும் ஓட்டம் பிடிக்கிறது.

கேள்வி: உலகின் முதல் கம்ப்யூட்டர் அனிமேஷன் படம் இதுதானே?

இல்லை. எட் கேட்மல்லும் ஃபிரெட் பார்க்கும் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஒரு கையை கம்ப்யூட்டரில் அசைத்துக் காட்டியது 1972இல். மான்ட்ரியலில் 1985இல் வந்த 'டோனி டி பெல்ட்ரி'யில் ஒரு பியானோக்காரரின் முகம் உணர்ச்சி காட்டியது. பிக்சாரே 1986இல் 'லக்ஸோ ஜூனியர்' எடுத்துவிட்டது. டின் டாய்க்கு உரிய முதலிடம் வேறு: ஆஸ்கர் வென்ற முதல் கம்ப்யூட்டர் அனிமேஷன் படம் இது. 1989 மார்ச் 29 அன்று சிறந்த அனிமேஷன் குறும்படத்துக்கான விருது கிடைத்தது.

கேள்வி: அண்ணா, அந்தக் குழந்தையைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. வேண்டுமென்றே அப்படிச் செய்தார்களா?

வேண்டுமென்று செய்யவில்லை, தம்பி. பில்லியின் முகத்துக்காக அவர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. பிக்சாரின் பில் ரீவ்ஸ் அந்த முகத்துக்குள் நாற்பதுக்கும் மேற்பட்ட தசைகளை அமைத்தார். ஒவ்வொன்றும் தோலை ஒரு திசையில் இழுக்கும். மனித முகபாவங்களைத் தசை தசையாகப் பிரித்து வகைப்படுத்தியிருந்த பால் எக்மன், வாலஸ் ஃபிரீசன் என்ற உளவியலாளர்களின் ஆய்வு இதற்கு அடிப்படை. அப்படியும் முதல் முயற்சியில் வந்த பில்லி நடுத்தர வயது ஆள் மாதிரி இருந்தான். திருத்தித் திருத்தித்தான் நாம் பார்க்கும் முகம் வந்தது.

பயம் ஏன் வருகிறது என்பதற்கு ஜப்பானிய ரோபோ அறிஞர் மசஹிரோ மோரி 1970இலேயே ஒரு விளக்கம் எழுதினார். ஒரு உருவம் மனிதனைப் போல ஆக ஆக நமக்குப் பிடித்துக்கொண்டே போகும். ஏறக்குறைய மனிதன்தான் என்ற இடத்துக்கு வந்ததும் சட்டென்று அருவருப்பு தட்டும். பில்லி நிற்பது சரியாக அந்த இடத்தில். டின்னியோ பொம்மையாகவே பிறந்தது. அதனிடம் நாம் மனித முகத்தை எதிர்பார்ப்பதே இல்லை.

என் கருத்தையும் சொல்கிறேன். துரத்தும் காட்சிகளில் அந்த முகம் படத்துக்கு உதவியே செய்கிறது. கேமரா தரையோடு தரையாக, பொம்மையின் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் எந்தக் குழந்தையும் ராட்சசன்தான். பில்லி தடுக்கி விழுந்து அழும் இடத்தில்தான் அந்த முகம் கைவிடுகிறது. அங்கே நமக்குப் பரிதாபம் வர வேண்டும். வருகிறது, ஆனால் பில்லியால் இல்லை, டின்னியின் கண்களால். சோபாவுக்கு அடியில் ஒளிந்திருக்கும் டின்னி அழுகையைக் கேட்கிறது, போகவா வேண்டாமா என்று தவிக்கிறது, மனமில்லாமல் வெளியே வருகிறது. வசனமே இல்லாமல் ஒரு தகரத் துண்டு முடிவெடுப்பதை நாம் பார்க்கிறோம். இயக்குநர் ஜான் லாசெட்டரின் ஆரம்பகாலப் படங்களில் எனக்கு மிகவும் பிடித்த சில நொடிகள் இவை.

கேள்வி: நான் அனிமேஷன் படிக்கும் மாணவி. ஒரே படத்தில் பொம்மை அவ்வளவு அழகாகவும் குழந்தை அவ்வளவு மோசமாகவும் எப்படி வந்தது?

தகரத்தில் ஒளி பட்டால் மேற்பரப்பிலேயே திரும்பிவிடும். அதற்கான கணக்கு அன்றைக்கே கையில் இருந்தது. தோல் அப்படியில்லை. இருட்டில் டார்ச் மேல் விரல்களை வைத்துப் பாருங்கள், ஓரமெல்லாம் சிவக்கும். ஒளி உள்ளே போய், சிதறி, வேறு இடத்தில் வெளியே வருகிறது. அதைச் சுருக்கமாகக் கணக்கிடும் நடைமுறை வழியை ஹென்ரிக் வான் ஜென்சனும் அவருடைய குழுவினரும் வெளியிட்டது 2001இல்தான். 1988இல் எந்தத் தோலும் பிளாஸ்டிக் போலத்தான் தெரியும்.

அசைவும் ஒரு பிரச்சினை. குழந்தை நகரும்போது தொடைச் சதை அமுங்க வேண்டும், குலுங்க வேண்டும். பில்லிக்கு அது இல்லை. டயப்பரைக் கவனியுங்கள், சிமென்ட்டில் வார்த்தது போல இருக்கும். துணியை மடிய வைப்பதற்கு நேரமும் இல்லை, கருவியும் இல்லை. 1997இல் பிக்சார் எடுத்த 'ஜெரிஸ் கேம்' பாருங்கள். அந்தத் தாத்தாவின் கோட்டு உண்மையிலேயே மடிகிறது, முகத்தோல் விரிசல் இல்லாமல் நீள்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்ப்பது உங்கள் படிப்புக்கு நல்ல பாடமாக இருக்கும்.

கேள்வி: கதை யோசனை எங்கிருந்து வந்தது?

லாசெட்டர் ஜப்பானில் யோகோஹாமா தகரப் பொம்மை அருங்காட்சியகத்தைப் பார்த்தார். டின்னி அங்கிருந்து. பொம்மையை எடுத்ததும் வாயில் போடும் பழக்கத்தை அவர் தன் உறவுக் குழந்தையின் வீடியோவில் கவனித்தார். பொம்மையின் இடத்திலிருந்து அதைப் பார்த்தால் என்ன என்று யோசித்ததுதான் மொத்தக் கதையும்.

கேள்வி: பிக்சார் அப்போது கம்ப்யூட்டர் விற்கும் கம்பெனி என்கிறார்களே, அவர்கள் ஏன் பொம்மைப் படம் எடுத்தார்கள்?

உண்மைதான். 1986இல் 'ஸ்டார் வார்ஸ்' இயக்குநர் ஜார்ஜ் லூகாஸின் லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்துடைய கம்ப்யூட்டர் பிரிவை ஸ்டீவ் ஜாப்ஸ் வாங்கினார். 50 லட்சம் டாலர் லூகாஸுக்கு, இன்னொரு 50 லட்சம் புதுக் கம்பெனிக்கு முதலீடு. விற்ற சரக்கு பிக்சார் இமேஜ் கம்ப்யூட்டர். விலை 1,35,000 டாலர், வாங்க ஆள் அதிகமில்லை. குறும்படங்கள், 'எங்களால் என்ன முடியும் பாருங்கள்' என்று காட்டுவதற்கு. டின் டாய் வழியாக அவர்கள் சோதித்துப் பார்த்தது, கம்ப்யூட்டரில் அமைத்த உருவங்களை ஒளி நிழலோடு படமாக்கும் ரெண்டர்மேன் மென்பொருளை. பிற்பாடு திரையுலகமே பயன்படுத்திய அதே ரெண்டர்மேன்.

1988 வசந்தத்தில் கம்பெனி ஆட்குறைப்பு செய்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் போய்ப் படத்துக்குப் பணம் கேட்டார்கள். லாசெட்டர் ஸ்டோரிபோர்டை, அதாவது காட்சி காட்சியாக வரைந்த படங்களைக் காட்டி நடித்தே கதை சொன்னார், ஜாப்ஸ் சரி என்றார். அந்த ஆகஸ்டில் அட்லாண்டாவில் நடந்த சிக்ராஃப் என்ற கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் மாநாட்டில் பாதி முடிந்த படத்தைத்தான் திரையிட்டார்கள். விஞ்ஞானிகளும் பொறியாளர்களும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

கேள்வி: சத்தம் பற்றி ஒரு வரி சொல்லுங்கள்.

ஒரு வரி போதாது. டின்னி ஓடினால் தப்பிக்கலாம், ஆனால் ஓடினாலே டிரம்மும் தாளமும் ஒலித்துக் காட்டிக்கொடுத்துவிடும். எந்த ஒலி குழந்தையை மகிழ்விக்க வேண்டுமோ அதுவே இங்கே ஆபத்து. இதைவிடச் சிக்கனமான கதைப் பின்னலை ஐந்து நிமிடப் படத்தில் நான் அதிகம் பார்த்ததில்லை. ஒலி அமைத்தவர் கேரி ரைட்ஸ்ட்ராம். ஒருமுறை படத்தைப் பார்க்காமல் ஒலியை மட்டும் கேளுங்கள், கதை புரியும்.

கேள்வி: டாய் ஸ்டோரிக்கும் இதற்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா?

பிக்சாரின் முதல் முழுநீளப் படமான டாய் ஸ்டோரிக்கு நேரடித் தொடர்பு. ஆஸ்கருக்குப் பிறகு அரைமணி நேர டிவி நிகழ்ச்சியாக ஒரு டின் டாய் கிறிஸ்துமஸ் கதையைத்தான் முதலில் நினைத்தார்கள். 1991இல் டிஸ்னியோடு முழுநீளப் படத்துக்கு ஒப்பந்தம் ஆனது. அப்போது எழுதிய கதையில் நாயகன் டின்னியேதான். அதற்குத் துணையாக, வயிற்றுக்குரல் கலைஞர்கள் மடியில் வைத்துப் பேச வைக்கும் பொம்மை ஒன்று. அப்புறம், டின்னி ரொம்பப் பழைய காலத்துப் பொம்மையாக இருக்கிறதே என்று அதை ராணுவப் பொம்மையாக மாற்றி, விண்வெளி வீரனாக்கி, கடைசியில் பஸ் லைட்இயர் ஆக்கினார்கள். துணைப் பொம்மை கௌபாய் வுடி ஆனது. 1995 நவம்பர் 22 அன்று படம் வெளியானது. பொம்மைகள் முன்னால், மனிதர்கள் ஓரத்தில் என்று அந்தப் படம் அமைந்ததில் பில்லி தந்த அனுபவத்துக்கும் பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

கேள்வி: எங்கே பார்க்கலாம்? டின்னி வேறு எதிலாவது வருகிறதா?

2007இல் வெளியான பிக்சார் குறும்படத் தொகுப்பின் முதல் தொகுதியில் இருக்கிறது. முதல் டாய் ஸ்டோரியில் வுடி கூட்டம் போட்டுப் பேசும்போது பின்னால் புத்தக அலமாரி தெரியும். அதில் ஒரு புத்தகத்தின் பெயர் டின் டாய். 2019இல் வந்த நான்காம் பாகத்தில் பழம்பொருள் கடைக் காட்சிகளில் டின்னியே வருகிறது. கொஞ்ச நேரம்தான், கண்ணை எடுக்காமல் பாருங்கள்.