பார்கூர்சுப், பூர்ஸ், ரூம்: எதுக்கு எப்போ கடைசி நாள்?

ரீயூனியன் தீவுல சேன்-அந்த்ரேலேர்ந்து ஒரு அம்மா எழுதிருக்காங்க: "அக்கா, நாங்க காரைக்கால் பக்கம், இங்க வந்து செட்டில் ஆயிட்டோம். பொண்ணு இந்த வருஷம் தெர்மினால், ஸ்கூல் கடைசி வருஷம். இங்க யுனிவர்சிட்டியோட மூஃபியா கேம்பஸ்ல சேரணும்னு ஆசைப்படுறா, சில நேரம் ஃபிரான்ஸ் போறேன்ங்கிறா. லிசேல (ஸ்கூல்ல) வாரா வாரம் ஒரு தேதி சொல்லி அனுப்புறாங்க, பார்கூர்சுப், க்ரூஸ், கேம்பஸ் ஓபன் டேன்னு. எங்க வீட்டுல யாரும் இங்க யுனிவர்சிட்டி படிச்சதில்ல. வீட்டுக்காரரு, முதல்ல பக் பரீட்சை பாஸ் பண்ணட்டும் அப்புறம் பாத்துக்கலாம்ங்கிறாரு. எதை எப்போ பண்ணணும்?"

தங்கச்சி, முதல்ல வீட்டுக்காரர் சொன்னதுக்கே பதில் சொல்லிடுறேன், ஏன்னா நம்ம ஆளுங்க வீட்டுல அதிகமா காலை வாருறது இந்த ஒரு நினைப்புதான். ஊர்ல ப்ளஸ் டூ ரிசல்ட் வந்தப்புறம் மார்க்ஷீட்ட எடுத்துக்கிட்டு காலேஜ் காலேஜா ஏறி இறங்கி ஃபார்ம் வாங்குன பழக்கம் நமக்கு. இங்க அப்படி கிடையாது. பக் ரிசல்ட் ஜூலை முதல் வாரத்துல வரும், 2025ல ஜூலை 4. அதுக்குள்ள சீட்டுக்கான சாய்ஸ் போடுற தேதி முடிஞ்சிருக்கும், அதை கன்ஃபர்ம் பண்ற தேதி முடிஞ்சிருக்கும், பூர்ஸுக்கும் (படிப்பு உதவித்தொகை) ரூமுக்கும் கேக்குற தேதி முடிஞ்சிருக்கும், சீட்டு ஆஃபர் வந்து பதில் சொல்றதே கிட்டத்தட்ட முடியிற கட்டத்துல இருக்கும். பக் பாஸ் ஆனா அந்த சீட்டு உறுதியாகும், அவ்ளோதான். அதனால பக் வரட்டும்னு காத்திருக்க வேணாம்னு அவர்கிட்ட நான் சொன்னதாவே சொல்லுங்க.

இன்னொன்னையும் மனசுல வச்சுக்கோங்க. இதுல சீட்டுக்கு சாய்ஸ் போடுற சைட்டான பார்கூர்சுப் வேற, பூர்ஸையும் ரூமையும் பாத்துக்குற க்ரூஸ் வேற, யுனிவர்சிட்டி ஆபீஸ் வேற. ஒருத்தர்கிட்ட பேர் குடுத்துட்டா மத்தவங்க தானா எழுதிக்குவாங்கன்னு நினைக்கக் கூடாது, ஒவ்வொண்ணுக்கும் நீங்கதான் தனியா போய் முடிக்கணும்.

பார்கூர்சுப் 2018ல வந்த சிஸ்டம், பக் முடிச்சு மேல படிக்கிறதுக்கு கிட்டத்தட்ட எல்லாமே அது வழியாதான். தேதிங்க வருஷா வருஷம் ஒண்ணு ரெண்டு நாள் முன்ன பின்ன போகும், ஆனா வரிசை மாறாது. 2025ல ஜனவரி 15 அன்னைக்கு சாய்ஸ் போடத் திறந்தாங்க, பொங்கலுக்கு மறுநாள். மார்ச் 13 வரைக்கும் சாய்ஸ் போட முடிஞ்சது, ஏப்ரல் 2 வரைக்கும் கன்ஃபர்ம் பண்ண முடிஞ்சது. நம்ம கணக்குல சொன்னா தை பொறந்ததும் ஆரம்பிச்சு மாசி முடியறப்போ ஒரு கடைசி நாள், பங்குனி நடுவுல இன்னொண்ணு. இந்த வருஷத்துத் தேதி சைட்டோட முதல் பக்கத்துலயே போட்டிருப்பாங்க, அதைப் பாத்து வீட்டு காலண்டர்ல பெருசா எழுதி வைங்க. தைப்பூசக் காவடி விரதமும் இதே சமயத்துலதான் வருது, வீடே கோயில் வேலையா இருக்கும், பிள்ளையும் விரதம் இருப்பா, யாரும் கம்ப்யூட்டர் பக்கம் போக மாட்டீங்க. அதனால விரதத்துக்கு முன்னாடியே அக்கவுண்ட் மட்டுமாவது திறந்துடச் சொல்லுங்க. அதுக்கு அவளோட ஐஎன்இ நம்பர் (மாணவர் அடையாள எண்) வேணும், லிசே மார்க் ரிப்போர்ட்லயே இருக்கும். அக்கவுண்ட் திறக்கும்போது அப்பா அம்மா ஃபோன் நம்பரையும் ஈமெயிலையும் போடுறதுக்கு ஒரு இடம் இருக்கு, கட்டாயம் போடுங்க, அப்பதான் ஜூன்ல வர்ற அலர்ட் உங்களுக்கும் வரும்.

10 சாய்ஸ் வரைக்கும் போடலாம், வேலை பாத்துக்கிட்டே படிக்கிற அப்ரான்திசாஷுக்கு தனியா இன்னும் 10. முதல்ல எது ரெண்டாவது எதுன்னு வரிசை போட வேண்டாம், அந்தக் கட்டத்துல அது கிடையாது. ஒரே ஒரு சாய்ஸ் போட்டுட்டு நிக்கிற பிள்ளைங்களப் பாத்தா எனக்கு பதறும், காசு கேக்கல, எடம் இருக்கு, கலந்து போடுங்க: மூஃபியா லிசான்ஸ் (யுனிவர்சிட்டி டிகிரி) ரெண்டு மூணு, பேத்தேஎஸ் (ரெண்டு வருஷத் தொழிற்படிப்பு) ஒண்ணு ரெண்டு, பியூத் (டெக்னிக்கல் டிகிரி) ஒண்ணு, ஃபிரான்ஸ்ல ரெண்டு. மூஃபியாலதான் எல்லாம்னு நினைக்காதீங்க, பியூத் நடத்துற ஐயூத்தே இருக்கிறது தெற்குல சேன்-பியேர்ல, லெ தாம்போன்லயும் யுனிவர்சிட்டிக்கு ஒரு கேம்பஸ் இருக்கு. நீங்க சேன்-அந்த்ரேல இருக்கறதால இது சாதாரண விஷயமில்ல, மூஃபியான்னா காலைல டிராஃபிக்ல கஷ்டப்பட்டாவது வீட்டுலேர்ந்து போயிட்டு வரலாம், தெற்குப் பக்கம் சீட்டு கிடைச்சா அங்க ரூம் பாத்தே ஆகணும்.

சில கோர்ஸுக்கு ஏன் இதைப் படிக்கணும்னு 1500 எழுத்துக்குள்ள எழுதச் சொல்வாங்க. நெட்ல கிடைக்கிறத காப்பி அடிக்க விடாதீங்க. வீட்டுல தம்பிக்கு கணக்கு சொல்லிக்குடுக்குறா, கோயில்ல அன்னதானத்துக்கு நிக்கிறா, பாட்டிக்கு டாக்டர்கிட்ட ஃபிரெஞ்சுல பேசி மொழிபெயர்க்கிறான்னா அதெல்லாம் எழுதறதுக்கே செயல்பாடுகள்னு தனி இடம் இருக்கு. நம்ம பிள்ளைங்க இதையெல்லாம் ஒரு பெருமையாவே நினைக்காம வெறுமனே விட்டுடுறாங்க, எனக்கு அது ரொம்ப வருத்தம், ஃபைலைப் பாக்குறவங்களுக்கு பிள்ளையோட பொறுப்பு அங்கதான் தெரியும்.

இப்ப முக்கியமான இடம். மார்ச்சுல சாய்ஸ் போட்டதோட வேலை முடியல. ஏப்ரல் ஆரம்பத்துக்குள்ள ஒவ்வொரு சாய்ஸையும் தனித்தனியா கன்ஃபர்ம் பண்ணணும். எழுதுறது எழுதி, பேப்பர் ஏத்தி, கடைசில அந்த கன்ஃபர்ம் பட்டனை அழுத்தலேன்னா அந்த சாய்ஸ் அப்படியே அழிஞ்சுடும், காலேஜ் கண்ணுக்கே போகாது. மார்ச் கடைசில ஒரு ஞாயித்துக்கிழமை பொண்ணு பக்கத்துல உக்காந்து ஸ்கிரீன்ல எல்லா சாய்ஸும் கன்ஃபர்ம்னு காட்டுதான்னு நீங்களே பாருங்க, உங்களுக்கு ஃபிரெஞ்சு அவ்வளவா வரலேன்னாலும் பரவால்ல, அவளப் படிச்சுக் காட்டச் சொல்லுங்க.

கடைசி நாள்ங்கிறது பாரிஸ் டைம் ராத்திரி 11:59. குளிர்காலத்துல நமக்கும் பாரிஸுக்கும் 3 மணி நேரம், மார்ச் கடைசி ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் 2 மணி நேரம். கணக்குப்படி நமக்கு நடுராத்திரி தாண்டியும் டைம் இருக்குதான், ஆனா அதை நம்பி உக்காராதீங்க. இந்த மாசமெல்லாம் நமக்கு புயல் சீசன். 2024ல பெலால் ஜனவரி 15 அன்னைக்கு வந்துச்சு, 2025ல கரான்ஸ் ஃபெப்ரவரி 28, எத்தனையோ வீட்டுல கரண்டும் நெட்டும் போச்சு, சாய்ஸ் மூட அப்போ ரெண்டே வாரம். ஃபெப்ரவரி நடுவுக்குள்ள சாய்ஸ் எல்லாம் உள்ள போட்டுடுங்க, கடைசி நாள் வரைக்கும் மாத்திக்கலாம் சேத்துக்கலாம், ஒண்ணும் தப்பில்ல.

ஓபன் டே கேட்டீங்க. பார்கூர்சுப்ல ஒவ்வொரு கோர்ஸுக்கும் ஒரு பக்கம் இருக்கு, அதுலயே அந்தந்த இடத்தோட ஓபன் டே தேதி போட்டிருப்பாங்க. கட்டாயம் போங்க, நீங்களும் கூடப் போங்க. ஆனா கட்டடம் பாக்க மட்டும் போகாதீங்க, அங்க படிக்கிற ரெண்டாம் வருஷப் பிள்ளைங்களப் பிடிச்சு வாரத்துக்கு எத்தனை மணி நேரம் கிளாஸ், முதல் வருஷத்துல யாரு விட்டுட்டுப் போறாங்க, எதனாலன்னு கேக்கச் சொல்லுங்க. ஸ்டால்ல குடுக்குற புக்லெட்ல அது இருக்காது.

அடுத்தது பணம். க்ரூஸ்ல தொசியே சோஸியால்னு ஒண்ணு, பூர்ஸும் யுனிவர்சிட்டி ரூமும் ரெண்டும் அந்த ஒரே ஃபைல்லதான் கேக்கணும். மார்ச் 1லேர்ந்து மே 31 வரைக்கும். எந்த காலேஜ்னே தெரியாதப்போ எப்படிப் போடுறதுன்னு கேப்பீங்க, தெரியாமத்தான் எல்லாரும் போடுறாங்க, போக வாய்ப்புள்ள ஊரெல்லாம் எழுதிடலாம், சீட்டு கிடைச்சப்புறம் மாத்திக்கலாம். ரீயூனியனும் எழுதுங்க ஃபிரான்ஸும் எழுதுங்க.

பூர்ஸ் எவ்ளோங்கிறது உங்க வருமானம், எத்தனை பிள்ளைங்க, அதுல எத்தனை பேர் மேல படிக்கிறாங்க, வீட்டுக்கும் படிக்கிற இடத்துக்கும் எவ்ளோ தூரம் இதையெல்லாம் வச்சுதான். 2025 ஆகஸ்ட்ல சேர்ந்த பிள்ளைக்கு 2023 வருமானத்தப் பாத்தாங்க, அதாவது ரெண்டு வருஷம் முந்தினது. அதனால வரி ஆபீஸ் அனுப்புற அவி தெம்போசிசியோன் பேப்பர இப்பவே தேடி எடுத்து வைங்க, வரி கட்ட வேண்டியதில்லேன்னு பூஜ்யம் போட்டு வந்தாலும் அதுதான் ஆதாரம், குப்பைல போடாதீங்க. அந்த வருஷத்துக்கு அப்புறம் வேலை போயிடுச்சு, வீட்டுக்காரர் ரிட்டயர் ஆயிட்டாரு, குடும்பத்துல ஒருத்தர் தவறிட்டாங்கன்னா புது வருமானத்தப் பாக்கச் சொல்லி க்ரூஸுக்கு எழுதலாம், பாப்பாங்க. தொகை 2023லேர்ந்து இப்படி: ஆகக் கீழ் நிலைக்கு வருஷத்துக்கு 1454 யூரோ, ஆக மேல் நிலைக்கு 6335 யூரோ, 10 மாசமா பிரிச்சு வரும். அது பொண்ணு பேர்ல இருக்குற பேங்க் அக்கவுண்டுக்குத்தான் வரும், அப்பா அக்கவுண்டுக்கு வராது, ஆகவே அக்கவுண்டும் முன்னாடியே திறக்கணும். பூர்ஸ் கிடைச்சா யுனிவர்சிட்டி ஃபீஸ் கிடையாது, யுனிவர்சிட்டி கேன்டீன் ரெஸ்தோ யூல சாப்பாடு 1 யூரோ. எவ்ளோ வரும்னு தெரிஞ்சுக்க க்ரூஸ் சைட்டுல கணக்குப் போட்டுப் பாக்குற இடம் இருக்கு, எங்களுக்கெல்லாம் கிடைக்காதுன்னு நீங்களே முடிவு பண்ணிட்டு விட்டுடாதீங்க.

உங்ககிட்ட ஃபிரெஞ்சு கார்டு இருக்கும்னு நினைக்கிறேன். ஆனா இதைப் படிக்கிறவங்கள்ல இலங்கைலேர்ந்து 2018க்கு அப்புறம் படகுல வந்து இங்க தஞ்சம் கிடைச்ச குடும்பங்களும் இருப்பீங்க, உங்களுக்காகவும் சொல்றேன். அகதி அந்தஸ்து கிடைச்ச பிள்ளை பூர்ஸுக்கு போடலாம், ரெண்டு வருஷம் இங்க இருந்திருக்கணும்ங்கிற கண்டிஷன் அவங்களுக்கு இல்ல. வேற நாட்டு பாஸ்போர்ட்டோட செஜூர் கார்டுல (தங்குற அனுமதி) இருக்குறவங்களுக்குத்தான் பிள்ளையும் பெத்தவங்களும் ரெண்டு வருஷமா ஃபிரான்ஸ்ல இருந்து வரிக் கணக்கு காட்டியிருக்கணும்ங்கிற விதி, ரீயூனியனும் அதுல கணக்குதான்.

ஜூன் ஆரம்பத்துல ஆஃபர் வர ஆரம்பிக்கும், 2025ல ஜூன் 2 பாரிஸ் டைம் சாயங்காலம் 7, நமக்கு ராத்திரி 9. அன்னைக்கு ராத்திரி வீட்டுல அழுகை வேணாம், முதல் நாள் எல்லா எடத்துலயும் வெயிட்டிங் லிஸ்ட்னு காட்டுறது சகஜம், மத்த பிள்ளைங்க சீட்ட விட விட லிஸ்ட் நகரும். ஆஃபர் வந்தா பதில் சொல்ல டைம் இருக்கும், முதல் நாள் வந்ததுக்கு கொஞ்சம் கூடுதலா, ரெண்டு மூணு நாள் போனப்புறம் வர்றதுக்கு மறுநாள் நடுராத்திரி வரைக்கும்தான். பதில் சொல்லலேன்னா சீட்டு போயிடும். ஒரு ஆஃபருக்கு சரின்னு சொல்லிட்டே, வெயிட்டிங்ல இருக்குற மத்ததையும் வச்சிருக்கேன்னு சொல்லலாம், அதையும் அதே பக்கத்துலயே டிக் பண்ணணும். கொஞ்ச நாள்ல அந்த வெயிட்டிங் சாய்ஸ வரிசைப்படுத்தச் சொல்லும், அதுக்கும் நாள் குறிச்சிருப்பாங்க, செய்யலேன்னா அதுங்களும் போயிடும். பக் பரீட்சை நடக்குற அதே ஜூன் மாசம் இது, பொண்ணு ஃபிலோசஃபி பேப்பருக்கு உக்காந்திருப்பா, அதனால அந்த மாசம் ஃபோனைப் பாக்குற வேலைய நீங்க எடுத்துக்கோங்க. லிசான்ஸுக்கு "வீ சி"ன்னு பதில் வந்தா பயப்படாதீங்க, சீட்டு உண்டு, கூட கொஞ்சம் உதவி கிளாஸ் சேத்து எடுத்துக்கணும்னு அர்த்தம், நல்லதுதான்.

ஜூலைல பக் வந்ததும் யுனிவர்சிட்டில பேர் பதியணும், பார்கூர்சுப்ல சரின்னு சொன்னது பதிவு ஆகாது. அந்தக் கடைசி தேதி ஆஃபர் பக்கத்துலயே இருக்கும், பல சமயம் ஜூலை நடுவுக்குள்ள, அது தவறுனா கைக்கு வந்த சீட்டு இன்னொருத்தருக்குப் போயிடும். பதியறதுக்கு முன்னாடி செவெக்னு ஒரு மாணவர் கட்டணம், அதுக்கான சர்டிபிகேட் எடுக்கணும், 2025-26க்கு 105 யூரோ, லிசான்ஸ் ஃபீஸ் 178 யூரோ. பூர்ஸ் பிள்ளைங்களுக்கு ரெண்டும் இல்ல, ஆனா காசு கட்டலேன்னாலும் அந்த செவெக் சர்டிபிகேட்ட சைட்டுல போய் எடுத்தே ஆகணும். ஜூலை ஆகஸ்ட்ல தீமிதி, ஊருக்குப் போற டிக்கெட்டுன்னு நம்ம வீடுங்க ஓடிக்கிட்டிருக்கும், காரைக்கால் போற பிளான் இருந்தா பதிவு முடிச்சுட்டுப் போங்க. இங்க கிளாஸ் ஆகஸ்ட்லயே தொடங்கிடும்.

ஃபிரான்ஸ்தான் போவான்னா இங்கேர்ந்து ஃபிரான்ஸ் போறவங்களுக்கு உதவுற லாதோம் ஆபீஸ்ல, படிப்புக்கான பாஸ்போர்ட் மொபிலித்தேங்கிற உதவியக் கேளுங்க, அவ எடுக்குற கோர்ஸ் இங்க இல்லேன்னாலோ இடம் நிரம்பிட்டாலோ விமான டிக்கெட்டுக்கு உதவி உண்டு. ஆசைப்பட்டு டிக்கெட்ட முதல்ல வாங்கிடாதீங்க, ஃபைல் முதல்ல, டிக்கெட் அப்புறம். இங்க உள்ள நிர்வாக சபைங்க ரெஜியோனும் தெபார்த்மானும் குடுக்குற உதவி தனி, அதுக்கும் தனித்தனியா போடணும். அங்க வெளில வீடு பிடிச்சா ஜாமீன் நிக்க ஆள் கேப்பாங்க, நமக்கு அங்க யாரு இருக்கா, விசால்னு ஒரு காரண்டி இருக்கு, 18லேர்ந்து 30 வயசு வரைக்கும் ஃப்ரீ, கான்ட்ராக்ட்ல கையெழுத்து போடறதுக்கு முன்னாடி எடுக்கணும்.

எதுவுமே கிடைக்கலேன்னா? ஜூன் நடுவுலேர்ந்து செப்டம்பர் வரைக்கும் இன்னொரு ரவுண்டு நடக்கும், காலியா இருக்குற சீட்டுக்கு புதுசா 10 சாய்ஸ் போடலாம். பக் வந்தப்புறமும் சீட்டு இல்லேன்னா அக்காதெமில (கல்வித் துறை) ஒரு கமிஷன் உக்காந்து பிள்ளைக்கு ஏத்த எடம் தேடிக் குடுக்கும், ஆனா அதையும் பார்கூர்சுப்ல நீங்க கேட்டாத்தான் எடுத்துக்குவாங்க. சந்தேகம்னா லிசே ப்ரொஃப் ப்ரின்சிபால்கிட்ட, அதான் வகுப்பு டீச்சர்கிட்ட, ரான்தெவூ (பாக்க நேரம்) கேளுங்க, ஃபிரெஞ்சு தடுமாறுதேன்னு தயங்காதீங்க, பொண்ணையும் கூட்டிக்கிட்டு போங்க, ஃபெப்ரவரிலயே போங்க.