லுவார் கரைக்கு வந்திருக்கும் முத்தியால்பேட்டைத் தம்பிக்கு

புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து பிரான்சில் லுவார் ஆற்றங்கரையிலுள்ள புளுவா நகரத்துக்குக் குடிவந்திருக்கும் தம்பி ஒருவர் கேட்கிறார்: "மகளைப் பள்ளியில் லுவார் ஆற்றங்கரைக்கு அழைத்துப்போய் பீவர் (மரத்தைக் கடித்து வீழ்த்தி, ஓடையில் அணை கட்டும் கொறிவிலங்கு) கடித்த மரங்களைக் காட்டினார்கள். ஊரில் கோவில் மறைக்கல்வி வகுப்பில் எறும்பை வைத்து உழைப்பைச் சொல்வார்கள். பீவரை வைத்து உழைப்பையும் விசுவாசத்தையும் சொல்ல முடியுமா? பள்ளியில் சொல்லித் தருவார்களா?"

பள்ளியில் எதிர்பார்க்காதீர்கள் தம்பி. பிரான்சில் உங்கள் பகுதி அரசுப் பள்ளியில் மதப் பாடம் கிடையாது. ஞாயிறு தவிர வாரத்தில் ஒரு நாளைப் பள்ளிக்கு வெளியே மறைக்கல்விக்காக விட்டுவைத்தது 1882ஆம் வருடச் சட்டம். இப்போது பல ஊர்களில் அது புதன்கிழமை. உங்கள் பங்குக் கோவிலில் கேளுங்கள், உதவிக்குப் பெற்றோர் வந்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.

சரி, பீவருக்கு வருவோம். விவிலியத்தில் அது இல்லை. சோம்பேறியை எறும்பிடம் அனுப்பும் நீதிமொழிகள் 6:6ஐயே துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளிடம் பல்லில் ஆரம்பித்தால் காது கொடுப்பார்கள். எனாமலில் இரும்பு இருப்பதால் ஆரஞ்சு நிறம். ஆயுள் முழுக்க வளரும், கடித்துக் கடித்துத்தான் தேய வேண்டும்.

அப்புறம் அணை. தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டால் பீவருக்கு இருப்புக்கொள்ளாது. ஸ்வீடனில் லார்ஸ் வில்சன் என்ற ஆய்வாளர் ஒலிபெருக்கியில் அந்தச் சத்தத்தை மட்டும் ஓடவிட்டார். பீவர்கள் அங்கேயும் குச்சிகளைக் கொண்டுவந்து குவித்தன. மழைக்காலத்தில் பாகூர் ஏரிக்கரை கசிகிறது என்றால் மண்வெட்டியோடு ஓடுவார்களே, அந்தப் பதைப்பு.

ஆனால் லுவாரில் அணையைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். பெரிய ஆறு, அணை கட்டித் தேக்க வேண்டிய ஆழம் ஏற்கெனவே இருக்கிறது. அதனால் கரையில் வளை தோண்டிக் குடியிருக்கும். அணையெல்லாம் சின்ன ஓடைகளில்தான். எனக்குப் பிடித்த பாடமே இதுதான். நம்மவர்கள் இங்கே வந்ததும் பிள்ளையை டியூஷன், பியானோ, நீச்சல் என்று விரட்டிவிட்டு அதற்கு உழைப்பு என்று பெயர் வைக்கிறார்கள். ஆண்டவர் ஆழத்தைக் கொடுத்திருக்கும் இடத்தில் அணை வேண்டாம் என்று நம்புவதும் விசுவாசம்தான். அதற்காகப் பீவர் சும்மா கிடப்பதில்லை. குளிர் கடுமையான இடங்களில் இலையுதிர்காலத்திலேயே கிளைகளை வெட்டித் தண்ணீருக்கடியில் சேர்த்துவைத்துவிடும்.

குட்டிகள் ஏறக்குறைய இரண்டு வருடம் தாய் தகப்பனோடு இருந்து, பெரியவை செய்வதைப் பார்த்து, தாங்களும் குச்சி இழுக்கும். உங்கள் மகளுக்கும் பிரசங்கம் வேண்டாம், கோவிலில் நாற்காலி அடுக்கும்போது கூட வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, லுவார் பீவர்களும் குடிவந்தவைதான். வேட்டையில் இங்கே அடியோடு அழிந்துபோயிருந்தன. 1970களில் பிரான்சின் தென்கிழக்கே ஓடும் ரோன் ஆற்றுப் பக்கத்திலிருந்து கொண்டுவந்து உங்கள் ஊர் அருகேதான் விட்டார்கள். பழைய காலத்து ஐரோப்பாவில் பீவர் வாலை மீன் கணக்கில் சேர்த்து, இறைச்சி கூடாத தவக்காலத்திலும் சாப்பிட்டார்கள் என்று சொல்லுங்கள், வகுப்பே சிரிக்கும்.

மகளை மறுபடி கூட்டிப்போவதாக இருந்தால் அந்தி சாயும் நேரம்தான் சரி, பகலில் பெரும்பாலும் வெளியே வராது. கோடையில் இருட்ட இரவு பத்து மணியாகும். மறுநாள் பள்ளி இல்லாத செவ்வாய்க்கிழமையாகப் பாருங்கள்.